இரும்புப்பெட்டியின் கண்டுபிடிப்பு

கட்டடப் பொருள் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு 'இரும்புப்பெட்டி' என்று பெயர். யார் வைத்ததோ, வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். மனிதர் நகல் எடுக்கப் போனால்கூட எந்திரத்தின் மேல் கவிழ்ந்து மறைத்துக்கொண்டுதான் எடுப்பார். யாராவது அறைக்குள் நுழைந்தால் போதும், கணினித் திரையை அணைத்துவிட்டு, "என்ன வேணும்?" என்பார்.

இத்தனைக்கும் மறைக்க அப்படி என்ன இருந்தது? ஒன்றே ஒன்று இருந்தது, அதை இல்லை என்று சொன்னால் பாவம். தண்ணீர்த் தொட்டிச் சுவர் ஏன் சீக்கிரமே வெடிக்கிறது, கலவையில் எதை மாற்றினால் வெடிக்காது என்று கண்டுபிடித்திருந்தார். வாழ்நாளில் அவர் உருப்படியாகச் செய்த வேலை அதுதான். தொட்டி கட்டுகிறவர்கள் எல்லாம் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்று கிடந்து தவித்தார்.

நிலையத்தில் திறந்த களஞ்சியம் ஒன்று தொடங்கினார்கள். இங்கே எழுதுகிற ஆய்வறிக்கைகளை இணையத்தில் போட்டுவைப்பது. எவரும் காசில்லாமல் படிக்கலாம். பொறுப்பை ஏற்ற நூலகர் அம்மா அறை அறையாகப் போய்க் கேட்டார்.

"சார், உங்க ஆய்வறிக்கையக் குடுங்க. போட்ட அன்னிக்கே தேதி விழுந்துடும். உங்க பேரு நிக்கும்."

"ஏம்மா, சமைச்சதை நடுத்தெருவில வைக்கச் சொல்றீங்களா? எவனாவது அள்ளிட்டுப் போயிடுவான்."

"அள்ளட்டுமே சார். யாரு சமையல்னு தேதி சொல்லுமே."

"இன்னும் கொஞ்சம் சோதனை பாக்கி இருக்கு. பெரிய பத்திரிகையில வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

பாக்கியாம், பாக்கி! சோதித்த கான்கிரீட் கட்டிகள் கொல்லைப்புறத்தில் பாசி பிடித்துக் கிடந்தன. பக்கத்து அறையில் செங்கல் ஆராய்கிற பெண் தன் அறிக்கையை மறுவாரமே களஞ்சியத்தில் போட்டாள். எங்கெங்கிருந்தோ ஆட்கள் படித்துவிட்டு எழுதினார்கள். சேர்ந்து வேலை செய்யலாம் என்று இன்னொரு நிலையம் வந்தது, அதனால் புதுச் சோதனை எந்திரமும் வந்தது. அதில் முதல் ஆளாகப் போய்த் தன் கட்டியை வைத்து நசுக்கிப் பார்த்தவர் யார்? நம்மவர்தான். வெட்கமாவது மானமாவது!

வருடங்கள் கழித்து ஒருவழியாகப் பெரிய பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பினார். போன வேகத்தில் திரும்பியது. கடல் கடந்த நிலையம் ஒன்றில் இரண்டு பேர் இதையே தாங்களாகக் கண்டுபிடித்து, போன வருடமே தங்கள் களஞ்சியத்தில் போட்டிருந்தார்கள். ஊர் உலகமெல்லாம் அதைப் பார்த்துத் தொட்டி கட்டிக்கொண்டிருந்தது. அவர்களுடையதை எடுத்து எழுதினாரா என்று பத்திரிகை, நிலையத்தின் இயக்குநரிடமே விளக்கம் கேட்டிருந்தது.

"உங்களோடதுதான் முதல்லன்னு காட்ட ஏதாவது இருக்கா?" என்றார் இயக்குநர்.

"என் கம்ப்யூட்டர்ல இருக்கு சார்."

"அதுல தேதிய நீங்களே மாத்திட்டீங்கன்னு சொல்வாங்களே. வேற யாராவது பாத்திருக்காங்களா? பக்கத்து ரூம்காரங்களாவது?"

யார் பார்த்தார்கள்? ஈ காக்கைகூடப் பார்க்கவில்லை. கட்டுரையை வாபஸ் வாங்கச் சொல்லிவிட்டார் இயக்குநர். நம்மவர் நூலகர் அம்மாவிடம் ஓடினார்.

"பழைய தேதி போட்டு ஏத்திக் குடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இன்னிக்குப் போட்டா இன்னிக்குத் தேதிதான் சார் விழும்."

அவமானம் பிடுங்கித் தின்ன வீட்டுக்கு வந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, "திருடிட்டாங்க! தொட்டிச் சுவரு ஏன் வெடிக்குதுன்னு கண்டுபிடிச்சது நான். அந்த ரெண்டு பேரும் திருடிட்டாங்க!" என்று கத்தினார்.

அவள் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"திருடணும்னாலும் இப்படி ஒரு ஆள் இருக்கார்னு தெரிஞ்சிருக்கணும்ங்க. நம்ம மாடித் தொட்டி வெடிச்சு ஒழுகி, இந்தச் சுவரெல்லாம் ஊறிக் கெடக்கு. உங்க வேலை இதுதான்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."