காற்றே இல்லாத நாளில் நின்ற கிரேன்

கிரேன் ஓட்டும் பிபிநூரை அதிலிருந்து கீழே இறக்குவது லேசுப்பட்ட காரியமில்லை. காலையில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவாள். கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் எத்தனையோ மாடிகளுக்கு இரும்பும் சிமெண்டும் தூக்கிக் கொடுத்த கை அது. அந்தக் கைக்கு என்ன மரியாதை கிடைத்தது? மகள் ஜிபெக் கேட்டாளே ஒரு கேள்வி, அதுதான்.

போன கட்டடத்தின் திறப்பு விழாவில், அது எழும்பிய கதையை டைம்லாப்ஸ் வீடியோவாகச் சதுக்கத்துப் பெரிய திரையில் போட்டார்கள். வருஷக்கணக்கான வேலை, ரெண்டே நிமிஷத்தில். மேகங்கள் குதிரைக் கூட்டமாய் ஓடின, பனி கொட்டிக் கரைந்தது, மாடிமேல் மாடி முளைத்தது. அடேயப்பா, பார்க்கக் கண் கோடி வேண்டும்! ஆனால் ஆள் ஒருத்தர்கூடக் கிடையாது. ஓடியாடி உழைக்கிறவன் அந்த வேகத்தில் கண்ணுக்கே தட்டுப்படமாட்டான்.

"இது தானாவே வளந்துடுச்சேம்மா. நீ எங்கே?" என்றாள் ஜிபெக்.

பிபிநூருக்குச் சுருக்கென்றது. அடுத்த கட்டடம் உச்சி மாடியை எட்டும்வரை அது ஆறவேயில்லை. எதிர்க்கூரையில் இருந்த கேமரா நிமிஷத்துக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது; மறுநாள், கடைசி நாள் வேலையை மட்டும் ஒரு படம்கூட விடாமல் வீடியோவில் சேர்ப்பார்களாம். உஸ்பெக் நாட்டு நமங்கானிலிருந்து வந்த வெல்டர் எர்காஷைக் கூப்பிட்டாள்.

"அரை மணி நேரம் ஆடாம அசையாம நின்னா, ஒரு நொடி படத்துல தெரிவோம்."

"அரை மணியா! என் கல்யாணத்துலகூட நான் அவ்வளவு நேரம் சும்மா நிக்கலையேக்கா!"

"மூக்கு அரிச்சாலும் சொறியக் கூடாது. எல்லாரும் கேமராவையே பாக்கணும், சொல்லிடு."

ஆனால் காரணமில்லாமல் வேலை நின்றால் மேஸ்திரி கைர்கெல்டி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். காற்று பலமென்று கிரேன்காரி சொன்னால் மட்டும் அவர் மறுபேச்சுப் பேச முடியாது. மறுநாள் காலை வாக்கி-டாக்கியில் பிபிநூர் சொன்னாள்: "காத்து பலமா இருக்கு. நிறுத்துறேன்."

"என்ன காத்து? என் சிகரெட் புகை நேரா மேல போகுது! பொய்யின்னு தெரிஞ்சா நாளைக்கு நீ இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது!"

"மேல அடிக்கிற காத்து கீழ இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும் மேஸ்திரி? ஏறி வந்து பாருங்க."

மூணாவது மாடி தாண்டினாலே கைர்கெல்டிக்குக் கால் வெடவெடக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டு, முணுமுணுத்தபடி டீ குடிக்கப் போனார்.

பிபிநூர் தலையை வாரிக்கொண்டாள். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவளைப் போல் கேமராவையே பார்த்தபடி உட்கார்ந்தாள். கீழே ஒரு தரம்கூடக் குனிந்து பார்க்கவில்லை. வேலை போனாலும் போகட்டும்!

புதுக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்கு வேலைக்காரர்களை யார் கூப்பிடுகிறார்கள்? தடுப்புக்கு வெளியேதான் எல்லோரும் நின்றார்கள். திரையில் கிரேன் பேய் பிடித்ததுபோல் சுற்றியது. திடீரென்று நின்றது. உச்சி மாடி விளிம்பில் அத்தனை பேரும் வரிசையாக!

"நான்! அது நான்!" என்று எர்காஷ் கத்துவதற்குள் அந்த ஒரு நொடி போயே போய்விட்டது. உள்ளே நாற்காலியிலிருந்த கைர்கெல்டி திரும்பி முறைத்தார். முறைக்கட்டுமே!

பிபிநூருக்கு வேறு ஆத்திரம். "கேமராவைப் பாருங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். எதுக்குடா எல்லாரும் கிரேனையே அண்ணாந்து பாத்துட்டு நின்னீங்க?"

"அந்தக் கிரேன் பொட்டிக்குள்ள நீ தெரிய மாட்டேன்னு எங்களுக்குத் தெரியாதாக்கா?" என்றான் எர்காஷ். "பாப்பா உன்னைத் தேடுமில்ல?"

ஜிபெக் தேடவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெண்ணின் கோட்டைப் பிடித்து இழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவங்கல்லாம் மேல பாத்தாங்கல்ல? அது எங்கம்மா."