தறிக்காரரும் என் முகக்கவசமும்

கொரோனா இரண்டாவது அலை அடித்த கோடையில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு வார்டில் ஒப்பந்த நர்ஸாக இருந்தேன். எங்களுக்குக் கைதட்டினார்கள், பூத் தூவினார்கள். ஆள் மட்டும் போடவில்லை. கூட இருந்தவள் காய்ச்சலில் படுத்த பிறகு என் ஷிப்டில் நான் ஒருத்திதான். மாற்று ஆள் கேட்டுப் போனால் பெரிய டாக்டர், "ஃபண்டு வரலையேம்மா, நான் என்ன செய்ய?" என்பார். கவச உடையும் அப்படித்தான், ஷிப்டுக்கு ஒன்று. கழற்றினால் போட இன்னொன்று கிடையாது. பாத்ரூம் போகவேண்டி வருமே என்று காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். ஜிப்பை இழுத்து மூடியதும் மூச்சு முட்டும், எரிச்சல் எரிச்சலாக வரும். அதை யார் மேல் காட்ட?

ஓரக் கட்டிலில் இருந்த விசைத்தறிக்காரர் மேல் காட்டினேன். அவருக்கு ஆக்ஸிஜன் அளவு இறங்கிக்கொண்டே போனது. குப்புறப் படுத்தால் ஏறும். திருநெல்வேலியில் படுக்கை காலி இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். இங்கேயே குப்புறக் கிடந்துதான் மனுஷன் பிழைத்தாக வேண்டும். அவரோ, நான் புரட்டிப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவதற்குள் மல்லாந்துவிடுவார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டு என் முகத்தையே உற்றுப் பார்ப்பார்.

"அண்ணாச்சி, திரும்பாதியன்னு எத்தனை வாட்டி சொல்லுதேன்" என்று கத்துவேன். தலையை ஆட்டுவார். மறுபடி மல்லாந்து கிடப்பார். வீம்பு பிடித்த ஆள் என்று முடிவுகட்டிவிட்டேன்.

ஒரு மத்தியானம் அவர் மனைவி கஞ்சியோடு வார்டு வாசலுக்கு வந்தாள். அவளிடமே சண்டைக்குப் போனேன்.

"உங்க வீட்டுக்காரரு சொன்ன பேச்சே கேக்க மாட்டாரா?"

"அவுகளுக்குக் காது எங்கம்மா கேக்கு? தறிச் சத்தத்துல போயிட்டு. தறியில கெடக்க எங்களுக்கெல்லாம் வாயப் பாத்துத்தான் பேச்சு. நீங்க வாய மூடிக்கிட்டுல்லா பேசுதிய."

எனக்குப் பொட்டில் அடித்ததுபோல் இருந்தது.

"எழுதிக் காட்டவா?"

"எழுத்து தெரியாதும்மா. என்னை உள்ள விடுங்க, நான் சொல்லுதேன்."

அவளுக்குப் போட உடை ஏது? கஞ்சியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவருக்கு உதடெல்லாம் நீலம் பூத்திருந்தது. சைகை காட்டிப் பார்த்தேன். புரியாமல் என் முகக்கவசத்தையே பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகத்துக்கு முன்னால் மாட்டியிருந்த கண்ணாடித் தடுப்பைத் தூக்கிவிட்டு முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன்.

"குப்புறக் கெடங்க, அண்ணாச்சி. நான் வந்து சொல்லுத வரைக்கும் திரும்பாதிய. திரும்புனா உயிரு போயிரும்."

என் வாயையே பார்த்தவரின் முகம் மாறியது. சட்டென்று கையை நீட்டி என் முகக்கவசத்தை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டார். காது கேளாதவர், குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

"மொதல்ல மூடுட்டி. ஒனக்கும் வந்துட்டா இத்தன பேருக்கும் யாரு இருக்கா?"

சொல்லிவிட்டு அவரே குப்புறப் படுத்துக்கொண்டார். மற்றக் கட்டில்களில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இரண்டொரு நாளில் அவருக்கு அளவு ஏறத் தொடங்கியது. அன்று காலை எழுந்தபோது எனக்குத் தொண்டை கரகரத்தது, உடம்பு கொதித்தது. யாரிடம் சொல்ல? உடையை மாட்டி, ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வார்டுக்குள் போனேன்.