ஹப் பெட்டிக்காக விழுந்த அடி

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பிரவுசிங் கடையில் ஒரு பழைய ஹப் பெட்டி இருக்கிறது. செத்துப்போன என் வீட்டுக்காரர் கடை போட்டபோது வாங்கியது. டெலிபோன் ஒயரில் வருகிற நெட்டை மூன்று கம்ப்யூட்டருக்கும் பிரித்துக் கொடுப்பது அதுதான். அதில் பாதி ஓட்டை செத்துவிட்டது. உயிருள்ள ஓட்டைகளுக்குப் பக்கத்தில் நெயில் பாலீஷால் புள்ளி வைத்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் படிப்பு; டைப் அடிப்பதெல்லாம் மருமகள். ஆனால் விளக்கைப் பார்த்தே பெட்டியின் உடம்பு எப்படி என்று சொல்லிவிடுவேன். கோடையில் மலைச்சூடு ஊருக்குள் இறங்கினால் அது படுத்துக்கொள்ளும். டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டால் மெல்ல எழுந்துவிடும்.

என் கொழுந்தன் மகன் கேபிள் தொழில் செய்கிறான். தெருவில் எல்லாக் கடைக்கும் அவனுடைய புது ஒயர்தான். அப்படி அது நுழைந்த கடைகளில் இரண்டில் இப்போது அவன் ஆள் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அதனால் என் கடைக்குள் அந்த ஒயரை நான் விடவில்லை. கடை போனால் நானும் விதவை மருமகளும் அவன் போடுகிற சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆயுத பூஜையன்று வந்தான். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் வரை யாரும் கையில் எடுக்கமாட்டோம். அவனுக்கும் அது தெரியும். ஹப், மோடம், ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பி எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வாழையிலையில் இருந்தன.

"இன்னா பெரிம்மா, காயலாங்கடை சாமானுக்கெல்லாம் பொட்டு வச்சிக்கிற?"

"என் சாமான், என் பொட்டு. உனுக்கு எங்க எரியுது? பொரி துன்னுட்டுப் போ."

"இத்த ஒடச்சாத்தான் நீ வழிக்கு வருவ."

ஹப்பைத் தூக்கித் தரையில் அடித்தான். மூடி பிளந்தது. சட்டையைப் பிடித்தேன். தள்ளினான். டேபிள் முனையில் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. மருமகள் பாய்ந்து அவன் தோளைக் கடித்தாள். அவள் கூந்தலைச் சுருட்டிப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினான். மறுபடியும் மோத இழுத்தபோது நான் இலையிலிருந்து கம்பியை எடுத்தேன்.

"பூஜைல வச்சத எடுக்காத பெரிம்மா" என்றான். சாமிக்குப் பயந்தானோ எனக்குப் பயந்தானோ. மணிக்கட்டில் ஓங்கிப் போட்டேன். எலும்பு முறிந்த சத்தம் காதில் விழுந்தது. முட்டியில் இன்னொன்று போட்டேன். விழுந்தான். அப்போதும் என் கை நிற்கவில்லை. "போதும் அத்த, செத்துருவான்" என்று மருமகள்தான் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

மறுவாரம் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து பேசினார்கள். "பூஜை கம்பிய தொட்டது தப்புதான். அவன் ஒயர போட்டுக்கோ, கேஸு இல்லாம முடிச்சிக்கலாம்" என்றார் ஒருவர்.

"தப்புன்னா சாமி கேக்கட்டும். ஒயரு வராது. கேஸு போட்டா என் புருவத்தையும் மருமவ மண்டையையும் நானும் ஸ்டேஷன்ல காட்டறேன்" என்றேன்.

கையில் கட்டோடு இருந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வுடுங்க. அது கடை அதுங்கிட்டயே இருக்கட்டும்" என்றான்.

மறுநாள் கடை திறந்தேன். பிளந்த பெட்டியைப் பாவாடை நாடாவால் இறுக்கிக் கட்டி, ஒயர்களைச் செருகினேன். நாலு ஓட்டையில் விளக்கு வந்தது. மோடத்துக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு மூன்று. எனக்கு அது போதும்.

பக்கத்து ஊர் வல்லத்திலிருந்து பட்டா பிரிண்ட் எடுக்க வந்த பெண் என் புருவத்தையே பார்த்தாள். "இன்னாம்மா இது, தையலு?"

"தகராறு. பட்டா நம்பர சொல்லு" என்றேன்.