பிரவுசர் படுத்துக்கொண்டபோது

காலையில் பிரவுசரைத் திறந்தேன். வெள்ளையாக ஒரு கட்டம் வந்து, கண் சிமிட்டுவதற்குள் காணாமல் போனது. மறுபடி தட்டினேன். மறுபடி வந்தது, போனது. வீட்டில் திட்டுவதற்கு வேறு ஆள் இல்லாததால் அதையே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மனைவி மகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போயிருந்தாள். மூன்றே மாதம் என்று சொல்லிவிட்டுப் போனவள். குழந்தைக்குச் சளி, மகளுக்கு ஆபீஸ், மாப்பிள்ளைக்கு முதுகுவலி என்று ஒவ்வொன்றாக வந்து அது நீண்டுகொண்டே போனது. மகள் என் லேப்டாப் பிரவுசரில் ஒரு பக்கத்தை வைத்துக் கொடுத்திருந்தாள். அதை நான் தட்டினால் அவர்கள் சமையலறையில் இருக்கும் டேப்லெட் மணியடிக்கும். எனக்குக் காலை, மனைவிக்கு முந்தின நாள் ராத்திரி. லேப்டாப்பை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டுதான் சமைப்பேன். "கடுகு கருகுது, அடுப்பைக் குறைங்க" என்பாள். கருகும் வாசனை கடல் தாண்டிப் போகாது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள்.

மகளின் போனுக்கு ஒரு அழைப்பு போட்டால் விஷயம் முடிந்தது. போடவில்லை. வீம்புதான், வேறென்ன. தினமும் நானே கூப்பிடுகிறேனே, ஒரு நாள் மணியடிக்கவில்லை என்றால் மனுஷன் இருக்கிறானா போய்விட்டானா என்று மனைவி தானாகக் கேட்கட்டுமே என்று நினைத்தேன். கேட்பாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றிருந்தது. அதற்குள் பிரவுசரையும் சரிபண்ணி வைத்துவிட வேண்டும். அவள் பதறிக்கொண்டு கேட்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டாமா?

லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பிரவுசரையே நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினேன். வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறியது. பக்கத்து ஃப்ளாட்டில் கணவன் மனைவி இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனிதான். கதவைத் தட்டினால் காதில் மாட்டியதைக் கழற்றாமலே அந்தப் பையன் "மீட்டிங்" என்று வாயசைத்தான். ஆவடியில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ராத்திரி இரண்டு தரம் இருமினால் விடிந்ததும் பக்கத்து வீட்டிலிருந்து மிளகு ரசம் வந்துவிடும். அப்போது அதைத் தொல்லை என்று சொன்னவனும் நான்தான்.

அன்று போன் வரவில்லை. மறுநாள் காலை, வேறு வழியில்லாமல் லேப்டாப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு கள்ளிக்குப்பம் மெயின் ரோட்டிலிருக்கும் ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் வயதுக்காரர். திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னா சார் இது, உள்ள ஒரே குப்பையா கீது. மொத்தமா அழிச்சுட்டு புதுசா ஏத்திடலாம். மெசினை வுட்டுட்டுப் போ."

"அந்தப் பக்கமும் அழிஞ்சிடுமா?"

"எந்தப் பக்கம்?"

"என் சம்சாரம் வர்ற பக்கம். அவ அமெரிக்காவுல இருக்கா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ நீ ஊட்ல தனியாத்தான் கீறியா சார்?" என்று கேட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப்போட்டு டீ சொன்னார். அந்தக் கேள்வியில் இருந்த கரிசனம் எனக்குத் தாங்கவில்லை. வேலை இருக்கிறது என்று பொய் சொல்லி, லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். டீயைக்கூடக் குடிக்கவில்லை.

அன்றைக்கும் போன் வரவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டேன். அதற்கு யார் மேற்பார்வையும் தேவையில்லை.

மறுநாள் கொஞ்சம் நிதானமாக யோசித்தேன். நான் வேலை பார்த்த ராணுவத் தொழிற்சாலையில், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் நின்றுபோனால் முதல் கேள்வி, கடைசியாக எதை மாட்டினாய் என்பதுதான். பிரவுசரில் நான் கடைசியாக எதை மாட்டினேன்? ஞாபகம் வந்ததும் வெட்கமாகப் போய்விட்டது. குழந்தை தூங்கும் நேரத்தில் பேசினால் விழித்துக்கொள்கிறது, எழுதி அனுப்புங்கள் என்று மனைவி சொல்லியிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஓடாது. அதனால் தமிழில் அடிக்க ஒரு கருவியைப் பிரவுசரில் சேர்த்தேன். 'amma' என்று அடித்தால் 'அம்மா' என்று வரும் வகை அது. நானோ இளவயதில் இன்ஸ்டிட்யூட் போய்த் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவன். அந்தக் கௌரவம் விடுமா? பழைய டைப்ரைட்டர் வரிசையில் அடிக்க இன்னொரு கருவியையும் சேர்த்தேன். ஒரே உறையில் இரண்டு கத்தி.

ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே திறந்தால், சேர்த்தவை எதுவும் இல்லாமல் பிரவுசர் வெறுமனே திறக்கும் என்று போனில் தேடிப் படித்தேன். பிரவுசரை நீக்கி மறுபடி ஏற்றினாலும் சேர்த்தவை அழியாது என்றும் அங்கேயே போட்டிருந்தது. அப்படியே செய்தேன். கட்டம் வந்தது. நின்றது. டைப்ரைட்டர்காரனை நீக்கிவிட்டு, மூடி, பிறகு சாதாரணமாகவே திறந்தேன். நன்றாக ஓடியது. மகள் வைத்துக்கொடுத்த பக்கமும் பத்திரமாக இருந்தது. வெற்றியை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை. இரண்டு நாள் நான் இல்லாமல் போயிருந்தும் யாரும் தேடவில்லை.

வீம்பெல்லாம் வடிந்துவிட்டது. நானே மணியடித்தேன்.

உடனே எடுத்தாள். தலை கலைந்திருந்தது, தோளில் குழந்தை.

"என்னங்க, கோபமா? ரெண்டு நாளா மணியடிச்சு மணியடிச்சு ஓஞ்சு போயிருப்பீங்க இல்ல? மாப்பிள்ளையோட சிநேகிதர் வீட்டுக்குத் திடீர்னு கிளம்பிட்டோம். அவசரத்துல இந்த டேப்லெட்டை இங்கேயே வச்சுட்டுப் போயிட்டோம். இப்பதான் உள்ள நுழையறோம். அங்க இருந்தப்பகூட இவகிட்ட சொன்னேன், பாவம், உங்கப்பா அங்க கூப்பிட்டுக்கிட்டே இருப்பாருன்னு."

நான் கூப்பிடாமல் இருக்கக்கூடும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் தேடுகிறாளா என்று பார்க்க இரண்டு நாள் உட்கார்ந்திருந்த நான், லேப்டாப்பை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தேன்.

"ரொம்பத் தடவை கூப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆமா," என்றேன். "கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன்."