அம்மாவைக் கேட்டு வந்த கார்

பள்ளிக்கூட நாடகம் முடிந்து வந்த பேத்தியின் முகப்பூச்சை மருமகள் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை என்னை இந்த வெள்ளவத்தை வீட்டிலிருந்து கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய்விட்டது.

அங்கே எங்கள் இரண்டறை வீட்டுக்கு, நாடகம் முடிந்து அம்மா அதே வாசனையோடுதான் வருவாள். தேங்காய் திருவிக்கொண்டே வசனம் பாடமாக்குவாள். மேடையில் அவள் ராணியாக வருவதால் சந்தையில் மீன்காரர், "மகாராணி, இண்டைக்குப் பாரை நல்லம், அடியேன் வெட்டட்டோ?" என்று பகிடி விடுவார். பிறகு ஒரு படத்திலும் நடித்தாள். கொழும்புச் சுவர்களெல்லாம் அவள் முகம்.

எனக்கோ அம்மா வீட்டில் வேண்டும். அடுத்த படத்துக்கு அவளைக் கேட்டு ஒருநாள் கார் வந்தபோது, அவள் பின்னால் குழாயடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, அம்மா நிக்கிறாவோ?" என்று காரில் வந்தவர் என்னிடம் கேட்டார்.

"இல்லை, யாழ்ப்பாணம் போயிட்டா. இனி நடிக்க மாட்டாவாம்."

அந்த வேடத்தில் வேறொருத்தி நடித்தாள். அழைக்காமல் போய் வேடம் கேட்பது அம்மாவைப் போன்ற நாடகக்காரர்களுக்கு மரியாதைக் குறைவு. அதனால் அவள் ஒருவரிடமும் விசாரிக்கவில்லை. ஏன் பிறகு படத்தில் நடிக்கவில்லை என்று யாராவது கேட்டால், "என்ர முகம் கமராவுக்குச் சரிவரேல்லைப் போல" என்பாள். சாகும்வரை அப்படித்தான் நம்பினாள். நான் பக்கத்தில் இருந்தும் வாய் திறக்கவில்லை.

"தாத்தா, உங்கட அம்மா படத்தில வடிவோ?" என்று பேத்தி கேட்டாள். அம்மா படத்தில் நடித்ததை மட்டும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"ஓம் பிள்ளை, நல்ல வடிவு," என்றேன்.

அம்மாவிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.