விக்டோரியா ராணிக்கு எந்த பல்ப்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டுச் சோறு மணக்கும். பக்கத்து வீட்டில் விளக்கைப் போட்டால் நம் வீட்டில் பாதிக்கு வெளிச்சம். இதை வசதி என்றுதான் நினைத்திருந்தேன், அடுத்த வீட்டு ஜெயந்தினிக்குப் பழைய காசுப் பைத்தியம் பிடிக்கும் வரை.

ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும், அவர்கள் விட்டுப்போன குழந்தைகளோடு பகல் முழுக்க மல்லாடுவாள். சாயங்காலம் வந்து முகம்கூடக் கழுவாமல் காசுப் பெட்டியைத் திறப்பாள். உள்ளே இருப்பதெல்லாம் செல்லாக்காசு. "இத வச்சு ஒரு சோடா வாங்க முடியுமாடி?" என்று நான் கேட்காத நாளில்லை. அவளுக்குக் கோபம் வராது. "அக்கா, இந்த ஓரத்தப் பாருங்களேன்" என்று சுவருக்கு மேலாகவே கூப்பிடுவாள். நான் சீரியலைப் பார்ப்பேனா, ஓரத்தைப் பார்ப்பேனா? லயத்தில் ஒருவரும் பார்க்கவில்லை. காசைப் பற்றிப் பேச அவளுக்கு ஓர் ஆள் இல்லை. அவளுடைய பெரிய குறையே அதுதான்.

பேசுகிற ஆட்கள் ஹட்டன் டவுனில் இருந்தார்கள். பழைய நாணயம் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்று அங்கே மாதாமாதம் கூடும். அதில் சேர ஒரு சோதனை உண்டு. நம் காசு புழங்காததா, லேசாகப் புழங்கியதா, தேய்ந்ததா என்று நாமே சபையில் சொல்ல வேண்டும். அதன்பின் கஸ்பர் சேர் என்ற பெரியவர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். இரண்டும் ஒத்துப்போனால் சங்கத்தில் இடம். போன வருஷம் ஜெயந்தினி மஞ்சள் பல்பில் பார்த்துவிட்டுப் போய், "புழங்காதது" என்றாள். அது தேய்ந்த காசு. சபையே சிரித்ததாம்.

"இந்தத் தடவையும் பிழையாச் சொன்னா பெட்டியத் தூக்கி யாருக்காச்சும் குடுத்துருவேன்க்கா" என்றாள். சொன்னால் செய்கிறவள். எனக்கே பகீரென்றது.

இந்த முறை அவள் எடுத்துப்போக நினைத்தது விக்டோரியா ராணி தலை போட்ட ஒரு சதச் செப்புக்காசு. உடப்புசல்லாவையில் இருக்கும் சித்தி கொடுத்தது. அந்த ராணிக்கு வெளிச்சம் தேடி அவள் பட்ட பாடு இருக்கிறதே! மஞ்சள் பல்பில் ராணி புதுப்பெண் மாதிரி மினுங்கினாள். டியூப் லைட்டில் காய்ச்சல்காரியாக வெளுத்துப்போனாள். வாசல் வெயிலில் கண் கூசியது. கண் பழகுவதற்குள் பனி இறங்கி வெயிலையே மூடியது. ஹட்டன் கடையில் பல்பை மாற்றி மாற்றி வாங்கினாள். "கோயிலுக்கா தங்கச்சி, கல்யாண வீட்டுக்கா?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

கடைசியில், பல்பில் குற்றமில்லை, குற்றமெல்லாம் என் வீட்டு வெளிச்சத்தில்தான் என்று கண்டுபிடித்தாள். காசு பார்க்க ஒரே விளக்குத்தான் இருக்க வேண்டுமாம். இன்னொரு பக்கமிருந்தும் வெளிச்சம் விழுந்தால் நிழல் அழிந்து, கீறலும் தேய்வும் மறைந்துபோகுமாம். "கொஞ்ச நேரம் நிப்பாட்டுங்களேன்க்கா" என்றாள். நான் நிறுத்தினால் எனக்கு அடுத்த வீட்டு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. அவர்கள் நிறுத்தினால் அதற்கும் அடுத்தது. இப்படியே போய், சோதனைக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்த கையோடு, லயம் முழுக்க விளக்கையும் டிவியையும் அணைத்துவிட்டு, அவள் கவனம் கலையாதபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளும் பல்பை மாற்றவென்று தன் விளக்கை அணைத்திருந்தாள்.

கீழ் லயத்தார் அண்ணாந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் கரண்ட் இருக்கிறது. எங்கள் மேல் லயம் மட்டும் கும்மிருட்டு, ஒரு சத்தமில்லை. போன மாதம் சிறுத்தைப்புலி வந்து நாயைத் தூக்கிப்போனபோது நாங்கள் இப்படித்தான் ஒடுங்கிக் கிடந்தோம். அவ்வளவுதான். "புலிடோய்!" என்று யாரோ கத்த, தகரத்தைத் தட்டிக்கொண்டு டோர்ச்சும் தடியுமாக ஒரு பட்டாளமே மேலேறி வந்துவிட்டது.

முன்னால் வந்தவர் பழனியாண்டி மாமா. ஜெயந்தினி வீட்டுக் கதவு திறந்து கிடந்ததைப் பார்த்ததும் வாசலில் மண்டியிட்டு, "கட்டிலுக்கு அடியிலயா இருக்கு?" என்று டோர்ச்சைத் தாழப் பிடித்து உள்ளே அடித்தார். அந்த வெளிச்சம் தரையோடு தரையாகப் போய், பலகையில் கிடந்த காசின் மேல் பக்கவாட்டில் விழுந்தது.

"மாமா, அசையாதீங்க!" என்று அலறினாள் ஜெயந்தினி.

மாமா அப்படியே உறைந்துபோனார். புலி தன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறது என்றே முடிவு செய்துவிட்டார். வாய் மட்டும் "முருகா, முருகா" என்றது. அவளோ குப்புறப் படுத்து, பூதக்கண்ணாடியை வைத்துக் காசை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இருக்கா போயிருச்சான்னு சொல்லித் தொலைடி!"

"லேசாத் தேஞ்சிருக்கு மாமா. காதுக்கு மேல முடி மட்டும் தேஞ்சிருக்கு."

"புலிக்கா?"

"ராணிக்கு!"

சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு புண்ணாகிவிட்டது. மாமாவை எழுப்பி நிறுத்த இரண்டு ஆள் வேண்டியிருந்தது. ஆனால் விஷயம் புரிந்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. மேலிருந்து பார்த்தபோது ஒரு குறையும் காட்டாத ராணிக்கு, தாழ்ந்த வெளிச்சத்தில் முடி மழுங்கல், கன்னத்தில் மயிரிழைக் கீறல். இதற்கா சீரியலை விட்டுவிட்டு இருட்டில் குந்தியிருந்தேன்? "புழங்காததுன்னே அடிச்சு விடு. அந்தப் பெரியவருக்குத் தெரியவா போகுது?" என்றேன். பாதி லயம் அதையே சொன்னது. அவள் ராணியைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் மாமாவும் நானும் துணைக்குப் போனோம். ஹட்டன் மண்டபத்தில் அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேரும் "புழங்காதது" என்று மார்தட்டிவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். ஜெயந்தினி முறை வந்தது. "லேசாப் புழங்குனது சேர்" என்றாள்.

கஸ்பர் சேர் சன்னல் திரையை இழுத்துவிடச் சொன்னார். மேசை விளக்கு ஒன்றை மட்டும் போட்டு, அதைத் தாழ இறக்கி, காசைச் சாய்த்தார். "நான் புடிச்ச மாதிரியே புடிக்கிறாரு பாத்தியா?" என்று மாமா என் காதைக் கடித்தார்.

"சரிதான்" என்றார் சேர். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேலாகப் பாத்தா புதுசு மாதிரித்தானே இருக்கு? கூட்டிச் சொல்ல ஆசை வரலியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேனே சேர்" என்றாள் ஜெயந்தினி. "பாத்த பிறகு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த நொடியே, மற்றவர்கள் தட்டுவதற்கு முன்னால் நான் கை தட்டிவிட்டேன். உள்ளங்கை வலித்தது. அழுகையும் வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

அவளைத் தங்கள் வரிசையில் உட்கார வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் காசை எடுத்துக் காட்டி, "இந்த ஓரத்தப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?" என்று அவளிடம் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டாள். பஸ் போய்விடும் என்று நான் கூப்பிட்டேன், திரும்பவில்லை. மாமா கூப்பிட்டார், காதிலேயே விழவில்லை. இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுகிறாள், சிரிக்கிறாள், மறுபடி பேசுகிறாள். பஸ் போனால் போகட்டும் என்று நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.