நீர்க்கட்டி என்று சொன்னதால் வந்தது

அன்று காலை ரவுண்ட்ஸில் இருந்தவர்கள் ஐந்து பேர்: சர்ஜன், ஜூனியர் டாக்டர், டியூட்டி சிஸ்டர், கட்டிலில் பாண்டியம்மாள் அக்கா, கதவோரம் ஆயாவாகிய நான். தல்லாகுளம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தொண்ணூறுகளின் கடைசி.

அக்கா பரவை மார்க்கெட்டில் வெங்காயம் விற்பவர். கிட்னியில் நீர்க்கட்டி. முந்தின வருஷம் ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. இந்த முறை மூன்று துளை போட்டு லேப்ராஸ்கோப்பி செய்திருந்தார்கள்.

இரண்டு நாளாகியும் யூரின் பேக்கில் கொஞ்சமாக, நல்லெண்ணெய் நிறத்தில்தான் இறங்கியது. உள்ளே கோளாறோ என்று சர்ஜன் மறுபடி ஸ்கேன் எழுதினார். எதற்கும் பயப்படுகிறவள் நான். அவர்கள் போனதும் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நேற்று வைத்த தண்ணீர் பாட்டில் அப்படியே இருந்தது. ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன்.

"நீதானத்தா சொன்ன, தண்ணி சேந்துதான் கட்டியாகுதுன்னு. எடுத்த கட்டிய நானே தண்ணிய ஊத்தி வளக்கவா?"

சொன்னது நான்தான். ஆபரேஷனுக்கு முன் அவர் அழுதபோது, வெறும் தண்ணி சேர்ந்த கட்டிதான் என்று தேற்றியிருந்தேன். ஆறாம் வகுப்போடு நின்றவளின் பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டார்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? ஓடிப்போய் சர்ஜனிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

"நீங்க குடிக்கிற தண்ணி கட்டிக்குள்ள போகாதும்மா. அந்தப் பை தானா ஊறும். ஊசியில எடுத்தப்ப பை முழுசா இருந்துச்சு, மறுபடி ஊறிருச்சு. இப்ப பையோட மேல்தோல அகலமா வெட்டி எடுத்தாச்சு. ஓரம் சேந்து மூடிக்கிராம, பக்கத்துல இருந்த கொழுப்பக் குழியில வச்சிருக்கோம். வரவே வராதுன்னு சொல்லல. ஆறு மாசத்துல ஸ்கேன் பாப்போம்."

"அப்ப எம்புட்டுக் குடிக்கலாம்?"

"தாகம் தீரக் குடிங்க."

அக்கா என்னைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியா ஆறாப்பு?" என்றார். மூன்று டம்ளர் குடித்தார். சாயங்காலத்துக்குள் பேக்கில் யூரின் நன்றாக இறங்கி, நிறமும் தெளிந்துவிட்டது. ஆறு மாத ஸ்கேனிலும் கட்டி இல்லை.

அதன் பிறகு, ஓய்வு பெறும்வரை, நோயாளியிடம் எதைச் சொன்னாலும் உடனே, "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று கேட்பேன். சிஸ்டர்கள் சிரிப்பார்கள். ஆனால் பத்துப் பேரில் ஒருவராவது நான் சொல்லாத ஒன்றைத்தான் சொல்வார்.